பிரிஜித்தாவின் முதுகில் ஒருவன் பாடினான்

“பாடுறது அவ இல்லட்டி, அவ முதுகு. வாயில அவ பன்னு தின்னுக்கிட்டுல்லா இருந்தா.”

கம்பெனி வேனில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் இதைச் சொன்னாள். அதன் பிறகு மற்றவள் கேட்டதற்கெல்லாம், புதுச் சேலையைப் பற்றி விசாரிப்பவளுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆமாம், ஆம்பளைக் குரல்தான். ஆமாம், கூடவே கித்தாரும் உண்டு. இல்லை, தமிழும் இல்லை, இந்தியும் இல்லை, ஆனால் கேட்டால் யாரோ யாரையோ விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்பது மட்டும் புரியும். நான் காய்ச்சலுக்கு இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். அந்த இரண்டு நாளுக்குள் ஞானித்துறை நண்டுக் கம்பெனியில் பிரிஜித்தாவின் முதுகு பாடத் தொடங்கி, எல்லாரும் அதற்குப் பழகியும் போயிருந்தார்கள்.

எங்கள் கூடம் நீளமானது, சன்னல் இல்லாதது, எப்போதும் குளிரூட்டப்பட்டிருப்பது. அவித்த நண்டுகள் ஐஸில் புதைந்து தட்டுகளில் வரும், வெள்ளைக் கோட்டும் தலையில் வலைத்தொப்பியும் காலில் ரப்பர் பூட்ஸும் போட்ட முப்பத்திரண்டு பெண்கள் மேசைகளின் இருபுறமும் நின்று ஓட்டை உடைத்துச் சதையைப் பிரித்தெடுப்பார்கள். கையுறை போட்டால் ஓட்டுத்துண்டு விரலுக்குத் தட்டுப்படாது என்பதால் எல்லாரும் வெறுங்கைதான். காலை எட்டு மணிக்கு விரல்கள் குளிரும், பத்து மணிக்கு வலிக்கும், மதியத்துக்கு மேல் எது விரல், எது நண்டின் கால் என்று தெரியாமல் போகும், ஓடு குத்தி வந்த ரத்தத்தைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூடத்தின் கோடியில் நீல விளக்கு எரியும் மேசை என்னுடையது. பிரித்த சதை கிண்ணம் கிண்ணமாக அங்கே வரும், நீல ஒளியில் ஓட்டுத்துண்டுகள் மட்டும் மின்னும், நான் அவற்றைப் பொறுக்கியெடுப்பேன். விலங்கியல் படித்ததற்குக் கிடைத்த வேலை அது. முதல் மேசையில் முதல் ஆளாக நிற்பது என் அம்மா, அமலோற்பவம். இருபத்திரண்டு வருடமாக அதே இடம். நான் படித்தது அந்த விரல்களால்.

பிரிஜித்தா மூன்றாவது மேசை. இருபத்தெட்டு வயது, யாரோடும் சண்டையில்லாதவள், சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்பவள். கப்பலில் சமையல் வேலை பார்த்த கஸ்மீருக்காக ஆறு வருடம் காத்திருந்தவள். கஸ்மீரின் கப்பலில் பெரிய சமையல்காரனும் மற்றவர்களும் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள், வெங்காயம் உரிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் அவர்கள் காதல் பாட்டுகளாகவே பாடினார்கள், அந்தப் பாட்டுகளில் யாரும் யாரையும் மறப்பதே இல்லை. ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு போய் இருபது வருடம் ஆகியிருக்கும், இவன் இன்னும் அவளுக்கும் சேர்த்துக் காப்பி போடுவான். உன்னை நாளையோடு மறந்துவிடுவேன் என்பான், நேற்றும் இதையேதான் சொன்னேன் என்று அடுத்த அடியிலேயே ஒத்துக்கொள்வான். கஸ்மீர் அவற்றைக் கற்றுக்கொண்டு, பெயர் வாயில் நுழையாத துறைமுகங்களிலிருந்து போனில் பாடிக்காட்டி, தமிழில் அர்த்தமும் சொன்னான். ஆறாவது வருடம் ஊருக்கு வந்தவன், மூன்று விசைப்படகு வைத்திருந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். பிரிஜித்தாவிடம் அவன் எதுவும் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகை தெருவுக்கெல்லாம் வந்தபோது அவள் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், தேநீர் இடைவேளையில் பன்னைத் தின்றுகொண்டிருந்தபோது, அவளுடைய இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவிலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

முதலில் சூப்பர்வைசர் அவளிடம் போன் இருக்கிறதென்று நினைத்து, சோதனை போட்டு, போனைக் காணாமலேயே கூடத்துக்குள் போன் கொண்டுவந்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டைப் போடச் சொன்னார், பாட்டு தலையணைக்கடியிலிருந்து வருவதுபோல வந்தது. மேனேஜர் வந்து சுவரில் ஒட்டியிருந்த தடைப் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்தார். நகை கூடாது, பூ கூடாது, பொட்டு கூடாது, மருதாணி கூடாது, வெற்றிலை கூடாது. முதுகு பாடக் கூடாது என்று எங்கும் இல்லை. பங்குச்சாமியார் பிரிஜித்தாவின் தலைமேல் கைவைத்து ஜெபித்தார், அவர் ஜெபித்து முடிக்கும்வரை பாட்டும் மரியாதையாக நின்று பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. கன்னியர் மடத்தில் ஓய்வில் இருந்த சிஸ்டர் லிதுவீனா ஸ்பானிஷ் பேசும் பெரு நாட்டில் இருபது வருடம் ஊழியம் செய்தவர், அவரை அழைத்துவந்து கேட்கச் செய்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துக் கேட்டுவிட்டு, இதில் பாவம் எதுவும் இல்லை, கேட்கிறவர்கள் கொஞ்சம் அழுதுகொள்ளலாம் என்றார்.

அது கஸ்மீரின் குரலா என்றுதான் ஊரே கேட்டது. பிரிஜித்தா இல்லையென்றாள். “அவனுக்கு எங்க சுருதி சேரும்? ஆட்டுக்குட்டி கத்துறமாரிப் பாடுவான். இது யாருன்னே எனக்குத் தெரியல.”

கைகளைப் பற்றி முதலில் கண்டுபிடித்தது என் அம்மாதான். பாட்டு கேட்கும்போது விரல் வலிக்கவில்லை. குளிர் இருந்தது, ஓடு குத்தியது, ஆனால் வலி மட்டும் வேறு யாருடைய கைக்கோ போய்விட்டதுபோல இருந்தது. ஒரு வாரத்தில் முப்பத்திரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். நகக்கண் புண்கள் ஆறின, கறுத்துப்போன நகங்கள் உதிர்ந்து புது நகம் முளைத்தது, சாப்பாட்டு நேரத்தில் சோற்றை உருட்டத் தெரியாமல் கரண்டியால் சாப்பிட்டவர்கள் கையால் பிசைந்து சாப்பிட்டார்கள், என் அம்மா கழற்றி வைத்திருந்த கல்யாண மோதிரத்தைப் பதினோரு வருடத்துக்குப் பிறகு போட்டுக்கொண்டாள். எல்லாரும் பிரிஜித்தாவைக் கொண்டாடினார்கள். பொரித்த மீன் கொண்டுவந்தார்கள், சூடை, சாளை என்று அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்து. தலை பின்னிவிட்டார்கள். அவளை மூன்றாவது மேசையிலிருந்து கூடத்தின் நடுவுக்கு மாற்றினார்கள், மேனேஜர் முதுகுப் பக்கம் துணிக்குப் பதிலாக வலை வைத்துத் தைத்த தனிக் கோட்டு ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார்.

பிறகு ஒருநாள் அவள் அக்கா மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தது. குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். அந்தச் சந்தோஷத்தோடு மறுநாள் வேலைக்கு வந்தாள், அன்று முழுக்க முதுகு வாய் திறக்கவில்லை. மாலை வேனில் எல்லாரும் கைகளை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு வந்தோம்.

அதற்கு மறுநாள் காலை, கோட்டு மாட்டும்போது ஒருத்தி தற்செயலாகச் சொல்வதுபோல, கஸ்மீரையும் அவன் பெண்டாட்டியையும் மார்க்கெட்டில் பார்த்ததாகவும், அவன் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னாள். எட்டேகாலுக்குப் பாட்டு தொடங்கியது.

எங்கள் பங்கில் தெருவுக்கு ஓர் அன்பியம், அதாவது ஜெபக் குழு, உண்டு, ஒவ்வொரு வாரமும் யார் வீட்டில் ஜெபம் என்று முறை எழுதிக் கதவில் ஒட்டுவார்கள். முறை வந்த வீடு மறுத்துச் சொன்னதாக நினைவில்லை. அப்படித்தான் இதற்கும் முறை வந்தது, யாரும் எழுதவில்லை, யாரும் பெயர் வைக்கவில்லை. திங்கட்கிழமை செலஸ்டீன் அக்கா, செவ்வாய்க்கிழமை எஸ்தர் மதினி என்று ஒவ்வொரு நாளும் ஒருத்தி கஸ்மீரைப் பற்றிய ஒரு சேதியோடு வந்தாள். கஸ்மீர் புதுச் செயின் போட்டிருக்கிறான். கஸ்மீர் பெண்டாட்டிக்கு மசக்கை. கஸ்மீர் மாடியில் நின்று அந்தப் பாட்டையெல்லாம் அவளுக்குப் பாடிக்காட்டுகிறானாம். சேதி கிடைக்காதவர்கள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். சொல்லும்போது எல்லாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்கள். சில நாள் சொன்னவளும் அவளோடு சேர்ந்து அழுதாள். நான் மேசைத் தொழிலாளி இல்லை என்பதால் எனக்கு முறை வரவில்லை. நான் நீல விளக்குக்கு முன்னால் குனிந்துகொண்டேன்.

தோபியாஸ் எங்கள் ஐஸ் ரூம் மெக்கானிக். முப்பத்தைந்து வயது. பதினைந்து வருடமாகக் கம்ப்ரசர் பக்கத்திலேயே நின்று இரண்டு காதும் மந்தமாகிவிட்டிருந்தது, உரக்கப் பேசினாலும் பாதி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார். அந்தக் கம்பெனியில் பாட்டைக் கேட்காத ஒரே ஆள் அவர்தான், யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை, கத்திச் சொல்லக்கூடிய விஷயமாக அது யாருக்கும் படவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம், நடுமேசையில் நிற்கும் பெண் சாப்பாட்டு நேரத்தில் பூவரச மரத்தடியில் தனியாக உட்காருகிறாள் என்பதும், பேசும்போது நிதானமாக உதடு அசைக்கிறாள் என்பதும்தான். ஐஸ் ரூமுக்குள் ஒரு நண்டு உயிரோடு ஏழு நாள் இருந்து, கதவைத் திறந்ததும் அவர் பூட்ஸைக் கவ்விக்கொண்ட கதையை அவளுக்குச் சொன்னார். அவள் வாயைப் பொத்த மறந்து சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் அம்மாவிடம் போய்ப் பெண் கேட்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கும் ஓலைகளில் முதலாவதைக் கோயிலில் வாசித்தார்கள். ஞானித்துறைப் பங்கைச் சேர்ந்த தோபியாசுக்கும் பிரிஜித்தாவுக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மறுநாள் பாட்டு பதினொரு மணிக்குத்தான் வந்தது, கித்தார் இல்லாமல். இரண்டாம் ஓலை வாசித்த வாரம், பக்கத்து வீட்டு ரேடியோபோல மெலிந்து, நடுநடுவே அறுந்து, வார்த்தை மறந்தவன் முணுமுணுப்பதுபோல ஆனது. முறைக்காரிகள் சேதிகளை இரட்டிப்பாக்கிப் பார்த்தார்கள். பிரிஜித்தா கேட்டுக்கொண்டு, “அவனும் நல்லா இருக்கட்டும் மதினி” என்றாள். அந்த வாரம் என் மேசைக்கு வந்த கிண்ணங்களில் ஓட்டுத்துண்டுகளோடு இளஞ்சிவப்பாகத் தண்ணீரும் இருந்தது. என் அம்மாவின் மோதிரவிரல் வீங்கி, மோதிரத்தைச் சோப்புப் போட்டும் கழற்ற முடியாமல், பத்தரிடம் போய் வெட்டி எடுத்தோம்.

அம்மா அப்போதும் அழவில்லை. “அந்தப் புள்ள நல்லா இருக்கணும்தான்,” என்றாள். “நம்ம கையும் இருக்குல்லா.”

காது மெஷின் யோசனையும் அவளுடையதுதான். கல்யாணப் பரிசாக மாப்பிள்ளைக்கு ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுப்போம் என்று பிரிஜித்தா இல்லாத நேரம் வேனில் சொன்னாள், மற்ற முப்பது பேரும் உடனே சரியென்றார்கள், எதற்கென்று ஒருத்தியும் கேட்கவில்லை. மனுஷனுக்குக் காது கேட்கச் செய்வதில் என்ன பாவம் என்று மட்டும் எஸ்தர் மதினி கேட்டாள். பிரிஜித்தா மேசை மேசையாக வந்து, வீங்கிய கைகளை ஒவ்வொன்றாகத் தன் கைகளுக்குள் வைத்து நன்றி சொன்னாள்.

டவுனுக்குத் தோபியாசை அழைத்துப் போனது நான். படித்தவள் கூட இருந்தால் டாக்டர் ஒழுங்காகப் பேசுவார் என்றார்கள். மெஷினைக் காதில் பொருத்தி முடுக்கியதும் தோபியாஸ் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார், மேசைமேல் காகிதம் நகர்வதைப் பார்த்தார், பிறகு என் காலைப் பார்த்தார்.

“தங்கச்சி, ஒங்க செருப்பு இவ்ளோ சத்தமா போடும்?”

சொல்லிவிட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார். திரும்பும் பஸ்ஸில், இனி முதலில் பிரிஜித்தா தன் பேரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும், அதுவரை யாரும் தன்னோடு பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பஸ் ஒரு மணி நேரம் ஓடியது. நான் வழிநெடுக உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவள் கம்பெனி வாசலில் காத்திருந்து அவர் பேரைச் சொன்னாள், இரண்டு தடவை, மூன்று தடவை. சிரித்துக்கொண்டே நின்றவர், கம்ப்ரசரில் புதுச் சத்தம் கேட்கும் மெக்கானிக் தலையைச் சாய்ப்பதுபோலச் சாய்த்து, அவளைச் சுற்றி வந்து, அவள் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

“யாரு இது?”

“யாருமில்ல. பழசு. ரெண்டு நாள்ல தானா நின்னுரும்.”

அவர் நேரே மடத்துக்குப் போய் சிஸ்டர் லிதுவீனாவைக் கூட்டிவந்தார். சிஸ்டர் அறுந்து அறுந்து வந்ததைக் கோத்துச் சொன்னார்: விளக்கை அணைத்துக்கொள், வாசலில் நிற்பது நானில்லை, நான் போய் நாளாகிவிட்டது. “இது போறவன் பாட்டு தம்பி. பயப்படாத.”

“போறவன் எதுக்கு சிஸ்டர் இவ்வளவு நல்லாப் பாடணும்?” என்றார் தோபியாஸ்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவர் கதை சொல்வதை நிறுத்திவிட்டு, பூவரச மரத்தடியில் அவள் முதுகில் காதை வைத்து உட்கார்ந்தார். கஸ்மீரைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். இது எந்த ஊரிலிருந்து பாடியது. பாடும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவான். நீ அழுவியா, அழுதால் அவன் என்ன செய்வான். அவளுக்குப் பாதிக்குமேல் மறந்துபோயிருந்தது, பதில் சொல்வதற்காகத் தேட வேண்டியிருந்தது, தேடி எடுத்ததெல்லாம் மறுநாள் காலையில் கித்தாரோடு முதுகில் வந்தது. அது கஸ்மீரின் குரலே இல்லை என்று அவள் சத்தியம் செய்தாள், அப்படியானால் இன்னொருவன் வேறு இருக்கிறானா என்றார். பாட்டு வலுத்தது. எட்டு மணிக்குத் தொடங்கி வேன் ஏறும்வரை பாடியது, அதில் வயலின் சேர்ந்தது, பின்னால் பெண்களின் கோரஸ் சேர்ந்தது. முறைக்காரிகளுக்கு வேலையில்லாமல் போனது. அம்மாவின் கைகளும் மற்றவர்களின் கைகளும் மறுபடி ஆறின.

மூன்றாம் ஓலையைத் தள்ளிவைக்கச் சொல்லித் தோபியாஸ் சாமியாரைக் கேட்டார். காது கேட்காதபோது அவசரப்பட்டாய், கேட்க ஆரம்பித்ததும் ஏன் நிற்கிறாய் என்றார் சாமியார். அது நிற்கட்டும் சாமி, நின்ற மறு ஞாயிறே வாசியுங்கள் என்றார் இவர். ஒரு ஞாயிறு போனது, இரண்டு போனது, நாலு போனது. பிரிஜித்தாவின் அம்மா கோயிலில் பின்வரிசைக்கு மாறினாள். நாலு மாதத்துக்குள் ஓலை முடியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும், இரண்டு தடவை ஓலை வாசித்த பெண்ணை வேறு யாரும் கேட்டு வருவதும் இல்லை.

ஐந்தாவது வாரம், புதன்கிழமை, மெஷின் நின்றுவிட்டது. தோபியாஸ் அதைக் கழற்றித் தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். தீர்ந்துபோனது மெஷினோடு தந்ததில் கடைசிப் பேட்டரி, அரிசிப்பொரி அளவு, டவுனில் அந்த ஒரே கடையில்தான் கிடைக்கும். சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பையில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்குப் போனவர், கேட்க எதுவும் இல்லாததால், பழைய வழக்கப்படி அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து அவள் ஏதோ சொன்னாள். அவர் ஏதோ சொன்னார். இரண்டரை மணிக்கு, பாதி வரியில், பாட்டு நின்றது. வியாழக்கிழமை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை தோபியாஸ் கையை முதுகில் வைத்துப் பார்த்துவிட்டுச் சாமியாரிடம் போனார், ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கலாம் என்று முடிவானது.

அன்று வேனுக்கு மணி அடித்த பிறகு பிரிஜித்தா என் மேசைக்கு வந்தாள். அவள் அதுவரை அங்கே வந்ததில்லை. நீல ஒளி அவள் கோட்டில் விழுந்தது.

“எக்கா, அந்த மெஷினுக்குப் பேட்டரி டவுன்லதான் கிடைக்குமாம்லா. அவுக ஒங்கட்டதான் கேப்பாக. கிடைக்கலன்னு சொல்லிருதீங்களா? காது கேட்டா அவுக மறுபடியும் அவனப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிருவாக, அதும் மறுபடியும் பாட ஆரம்பிச்சிரும். ஞாயித்துக்கெழம மட்டும் தாண்டட்டும். பெறவு நான் அவுகளுக்கு எல்லாத்தையும் வாயாலயே சொல்லிக்கிடுவேன்.”

நான் தலையாட்டினேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓடினாள். எனக்கு முன்னால் அன்றைய கடைசிக் கிண்ணம் இருந்தது, முதல் மேசையிலிருந்து வந்தது. நீல விளக்கில் ஓட்டுத்துண்டுகள் மின்னிய இடத்தில், அவற்றைவிட மங்கலாக, பாதி நகம் ஒன்று இருந்தது. வேனில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, கைக்குட்டை சுற்றிய கையை மடிக்குள் மறைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தச் சேலை கட்டுவது என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்கு முதல் மணி அடித்தபோது தோபியாஸ் வெளுத்த சட்டை போட்டுக் கொடிமரத்தடியில் நின்றிருந்தார். பிரிஜித்தா கோயிலுக்குள் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் முட்டுப்போட்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, அவர் முன்னால் போய் நின்று, கையை நீட்டி மெஷினைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து எடுத்துத் தந்தார். சனிக்கிழமை டவுனில் நான் வாங்கிவந்த பேட்டரி அட்டையைப் பிரித்து, ஒன்றை எடுத்து மெஷினுக்குள் போட்டு மூடி, அவர் காதில் நானே மாட்டிவிட்டேன்.